உங்களுக்குத் தெரியுமா? திரையில் அடங்காத விடை

ஆரக்கிள் தரவுத்தளத்தின் கட்டளை வரிக் கருவியான எஸ்கியூஎல் பிளஸ், ஒரு வினவலுக்கு, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கப்படும் கேள்விக்கு, கிடைக்கும் விடையை வேறு ஆணை இடப்படாதவரை வரிக்கு 80 எழுத்து, பக்கத்துக்கு 14 வரி என்ற அளவிலேயே காட்டுகிறது. அந்த 14 வரிகளுள் வெற்று வரி, தலைப்பு, அடிக்கோடு ஆகிய மூன்றும் அடங்குவதால், பதிவுகள் ஒவ்வொன்றும் ஒரே வரியில் அமையும்போது, 11 பதிவுகளுக்கு ஒருமுறை தலைப்புகள் மீண்டும் தோன்றுகின்றன. ஐபிஎம் நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த துளையட்டையிலும் 80 நெடுவரிசைகளே இருந்தன என்பதும், அவ்வகலமே பின்னர் கணினி முனையத் திரைகளுக்கும் வழக்கமாயிற்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை.

எஸ்கியூஎல் பிளஸின் வரி, பக்க அளவுகளையும் ஒவ்வொரு நெடுவரிசையின் அகலத்தையும் பயனர் மாற்றிக்கொள்ளலாம். ஒதுக்கிய அகலத்தில் அடங்காத சொற்றொடர் இயல்பாக அடுத்த வரிக்கு மடங்கி இறங்குகிறது. முழு எண்ணோ மடங்குவதுமில்லை, வெட்டப்படுவதுமில்லை, அதன் இடத்தை # குறிகளே நிரப்புகின்றன. 1234567 என்னும் தொகையின் கடைசி இலக்கங்கள் மட்டும் மறைந்தால், காண்பவர் வேறொரு தொகையை உண்மையென நம்பிவிடக்கூடும் என்பதால், இது மிகச் சரியான ஏற்பாடு. சேமிக்கப்பட்ட மதிப்பு சிறிதும் மாறுவதில்லை. அகலத்தைக் கூட்டி மீண்டும் வினவினால் எண் முழுமையாகத் தெரியும்.

அகன்ற விடையைக் காட்ட வேறு தரவுத்தளங்களில் இன்னொரு வழி உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் கருவியில் வினவலை அரைப்புள்ளிக்குப் பதிலாகப் பின்சாய்கோட்டாலும் பெரிய ஜி எழுத்தாலும் முடித்தாலும், போஸ்ட்கிரெஸ் கருவியில் பின்சாய்கோட்டையும் சிறிய எக்ஸ் எழுத்தையும் முன்கூட்டியே இட்டாலும், ஒவ்வொரு பதிவும் வரிக்கு ஒரு புலமாக மேலிருந்து கீழாக விரிகிறது. நெடுவரிசைகள் மிகுந்த அட்டவணைகளைப் படிக்க இதுவே சிறந்த வழி.