கிராபிக்ஸ் அட்டையின் வேகத்தை உயர்த்தும் முறை

கம்ப்யூட்டரின் திரையில் தோன்றும் படங்களை ஆக்கித் தருவதற்கென்று தனியே அமைந்த உறுப்பு கிராபிக்ஸ் அட்டையாகும். முதலில் விளையாட்டுகளுக்கெனவே பெரிதும் வாங்கப்பட்ட இவ்வட்டை, இன்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்தல், நிலப்படம் தயாரித்தல், நீண்ட கணக்கீடுகளைச் செய்தல் ஆகிய பணிகளுக்கும் உதவுகிறது. அட்டை பழையதாகி வேலை தாமதப்படும்போது, புதியதற்குப் பணம் செலவிடாமல் உள்ளதையே விரைந்து ஓடச் செய்யலாகாதா என்ற எண்ணம் எழுவது இயல்பே. செய்யலாம். இம்முறைக்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். எனினும், எவ்வளவு வேகம் கிடைத்தது என்பதற்கு முன்னதாக, கிடைத்த விடை சரியானதுதானா என்று கேட்டாக வேண்டும்.

சில்லிலுள்ள டிரான்சிஸ்டர்கள் யாவும் ஒரு மின் துடிப்பின் தாளத்துக்கு இசைந்து இயங்குகின்றன. என்விடியா நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜீபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 1080 என்னும் அட்டையை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் சில்லில் 720 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அடிப்படை வேகம் 1607 மெகாஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 160 கோடி துடிப்புகளுக்கு மேல். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலத்தில் சுற்றின் ஒரு பகுதி தன் கணக்கை முடித்து, விடையை அடுத்த பகுதியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவோரை இதற்கு ஒப்பிடலாம். மேஸ்திரி விரைவுபடுத்தினால் ஓர் அளவுவரை வேலை கூடும். அதன்பின் வரிசையில் யார் கை மந்தமோ அவரிடம் கல் தவறி விழும். கல் விழுந்தால் ஓசை கேட்கும். சில்லில் விடை தவறினால் ஓசை கேட்பதில்லை.

ஒரே மாதிரியாகச் செய்யப்படும் சில்லுகளும் தம்முள் முற்றும் ஒத்திருப்பதில்லை. ஆகையால், அவ்வகைச் சில்லுகளில் மந்தமானதும், வெப்பமான அறையில், பல ஆண்டு உழைத்த பின்னும் பிழையின்றி இயங்கக்கூடிய வேகத்தையே உற்பத்தியாளர் நிர்ணயிக்கின்றனர். நல்ல சில்லில் மிஞ்சி நிற்கும் இடைவெளியைத்தான் ஓவர்கிளாக்கிங் பயன்படுத்திக் கொள்கிறது. 2012 முதல் வெளிவரும் அட்டைகள் பல, உஷ்ணமும் மின்சக்தியும் இடங்கொடுக்கும் அளவுக்குத் தம் வேகத்தைத் தாமே உயர்த்திக் கொள்கின்றன. எனவே, கையால் கூட்டுவதற்கு எஞ்சியிருப்பது முன்போல் அதிகமன்று.

இனி உஷ்ணத்தைப் பற்றிப் பார்ப்போம். சில்லு இயங்கும்போது செலவாகும் மின்சக்தி வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினால் செலவும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். அவ்வேகத்தில் சில்லு நிலையாக நிற்கும்பொருட்டு மின்னழுத்தத்தையும் 5 சதவீதம் உயர்த்தினாலோ, செலவு ஏறத்தாழ 21 சதவீதம் மிகும். இச்செலவு முழுவதும் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. உயர்ந்த மின்னோட்டமும் உஷ்ணமும் சேர்ந்து, சில்லினுள் உள்ள நுண்ணிய உலோகக் கம்பிகளின் அணுக்களையே சிறிது சிறிதாக இடம்பெயரச் செய்கின்றன. சில்லின் ஆயுள் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, தொடக்க நிலையினர் மின்னழுத்தத்தைத் தொடாதிருப்பதே நன்று.

நம் நாட்டின் கோடைக்காலத்தை இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். அறையின் வெப்பத்தைவிட 45 டிகிரி அதிகமாகச் சூடேறும் அட்டையொன்று, 25 டிகிரி அறையில் 70 டிகிரி சென்டிகிரேடில் நிற்கும். மே மாதத்தில் 42 டிகிரி அறையிலோ 87 டிகிரியை எட்டும். மேற்சொன்ன அட்டை சுமார் 83 டிகிரியிலேயே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. அதன் உச்ச வரம்பு 94 டிகிரி. டிசம்பரில் சோதித்து நிறுத்திய வேகம் மே மாதத்திலும் தாங்கும் என்று எண்ணுவது தவறு. பழைய அட்டையாயின், விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் படிந்த தூசியை அகற்றி, காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பித்தாலே, இழந்த வேகத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைப்பதுண்டு. ஓவர்கிளாக்கிங் செய்வதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது அறிவுடைமை.

மின்சக்தி வரும் வழியையும் கணக்கிட வேண்டும். அட்டை பொருந்தும் இடத்திலிருந்து 75 வாட்டும், 6 முனை இணைப்பி வழியாக 75 வாட்டும், 8 முனை இணைப்பி வழியாக 150 வாட்டும் பெறுவதே வகுக்கப்பட்ட அளவு. 600 வி.ஏ. என்று குறிக்கப்பட்ட சிறு யு.பி.எஸ். கருவிகள் பலவும் உண்மையில் தாங்குவது 360 வாட் அளவே. அட்டை கூடுதலாக இழுக்கும்போது மின்தடை நேர்ந்தால், யு.பி.எஸ். காப்பதற்குப் பதில் தானும் அணைந்துவிடும்.

வேகத்தைக் கூட்டுவதற்கு எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள்கள் உள்ளன. முதலில் எதையும் மாற்றாமல் ஒரு சோதனையை நடத்தி, வேகம், உஷ்ணம், விசிறியின் சுழற்சி, வேலை முடிய ஆன நேரம் ஆகியவற்றை ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் சில்லின் வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் கூட்டி, ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் கடுஞ்சுமை கொடுத்துப் பார்த்தல் வேண்டும். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றினாலும், திரை ஒரு கணம் இருண்டு மீண்டாலும், அதுவே எல்லை. அங்கிருந்து இரண்டு படி இறங்கி, அந்நிலையில் பல மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே புதிய வேகம் அமலுக்கு வருமாறு செய்யும் வசதியை, இச்சோதனை முடியும்வரை பயன்படுத்தலாகாது. இல்லையெனில், பிழைபட்ட அமைப்புடனேயே கம்ப்யூட்டர் மீண்டும் மீண்டும் தொடங்கித் தடுமாறக்கூடும்.

நினைவகத்தின் வேகத்தைத் தனியே சோதிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் பிழை எதனால் வந்தது என்று அறிய இயலாது. இதில் ஏமாற்றம் ஒன்று உண்டு. இக்கால அட்டைகளின் நினைவகத்தில், செல்லும் வழியில் சிதைந்த செய்தியைக் கண்டறிந்து மறுபடியும் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. எனவே, எல்லை கடந்த பின்னும் திரை சீராகவே தோன்றும். ஆனால் மறுபடி அனுப்புவதிலேயே காலம் கழிவதால், வேக எண் உயர உயர வேலை மெதுவாகும். ஆதலால் ஒவ்வொரு படியிலும் வேலை முடிய ஆகும் நேரத்தை அளந்து பார்ப்பதே சரியான உரைகல். மேலும், நினைவகத்தினுள்ளேயே மாறிவிட்ட எண்ணை இவ்வேற்பாடு கண்டுகொள்ளாது.

விளையாட்டில் ஒரு புள்ளியின் நிறம் ஒரு கணம் மாறினால் நட்டமில்லை. பயிர்ப் பரப்பைக் கணக்கிடும் படத்தில் அதே பிழை நேர்ந்தால், தவறான எண் அறிக்கையில் ஏறிவிடும். அதைத் தவறென்று சொல்ல அடையாளம் எதுவும் இராது. 1996 முதல் உலகெங்குமுள்ள தனியார் கம்ப்யூட்டர்களைக் கொண்டு பெரிய பகா எண்களைத் தேடிவரும் மெர்சென் பகா எண் தேடல் திட்டத்தில், ஒருவர் கண்ட விடையை மற்றொரு கணக்கீட்டால் ஒத்துப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதே முறையைச் சிறிய அளவில் எவரும் கையாளலாம். தெரிந்த ஒரு கணக்கைத் தொழிற்சாலை வேகத்தில் ஒருமுறையும், உயர்த்திய வேகத்தில் பலமுறையும் செய்து விடைகளை ஒப்பிட வேண்டும். முழு எண் கணக்காயின் விடை ஓர் இலக்கமும் மாறக்கூடாது. தசம எண்களில், கூட்டும் வரிசை வேறுபடுவதால் கடைசி இலக்கங்கள் சிறிது மாறுவதுண்டு. அதைப் பிழையென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆவணத்தில் சேரும் கணக்குகளைத் தொழிற்சாலை வேகத்திலேயே செய்வது மேலும் நலம்.

வெப்பம் மிகுந்த ஊர்களில் இதற்கு எதிர்த்திசையிலும் பயன் உண்டு. வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைக்க முடிந்தால், மேற்சொன்ன வர்க்க விகிதத்தின்படி சில்லு இயங்குவதற்கான செலவு சுமார் 19 சதவீதம் குறையும். அட்டை குளிர்ந்திருப்பதால், உஷ்ணத்தைக் கண்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலை வாராது. நெடுநேர வேலையில் சராசரி வேகம் முன்னிலும் கூடுவதும் உண்டு. உஷ்ணம் வெளியேற இடமில்லாத மடிக் கம்ப்யூட்டர்களில் வேகத்தைக் கூட்டுவதைவிட இதுவே ஏற்றது. ஆயினும், மின்னழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும் என்பதால், விடைகளை ஒப்பிடும் சோதனை இதற்கும் அதே அளவு தேவை.