நிற்கும் காரின் பெற்றரி

வாப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி. அவசரத்துக்கென்றே வைத்திருந்த பழைய கார் 'டிக்' என்று முனகிவிட்டு அடங்கியது. அயலவரின் முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். வாப்பா தப்பினார், அல்ஹம்துலில்லாஹ்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியொரு கார் நிற்கிறதா? ஓடாமல் நின்றாலும் பெற்றரி தானாகவே இறங்கும். மணிக்கூடும் ரேடியோவும் வேறு கொஞ்சம் உறிஞ்சும். இறங்கியபடியே விட்டால் ஈயத் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜ் சரியாக ஏறாது.

வாரமொருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவது (நானும் அதைத்தான் செய்தேன்) போதாது. ஸ்டார்ட்டுக்குச் செலவான மின்சாரமே திரும்பி வராமல் போகலாம். அரைமணி நேரமாவது வீதியில் ஓட்டுங்கள். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பெற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.4 ஆகிவிட்டால் சார்ஜ் செய்யுங்கள். மாதக்கணக்கில் ஓடாதென்றால் நெகற்றிவ் வயரைக் கழற்றி வையுங்கள்.