மருவா, மச்சமா, புற்றா?



போன கோடை லீவில் என் விரலில் ஒரு மரு வந்தது. "தலைமுடிய இறுக்கிக் கட்டு, தானா விழுந்துடும்" என்றான் ஒருவன். "சுண்ணாம்பு வை" என்றார் பக்கத்து வீட்டு மாமா. வைத்தேன். விரல் வெந்து புண்ணானதுதான் மிச்சம். அப்பத்தா என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பயம் வேண்டாதவை: மரு வைரஸால் வருவது. கிள்ளினால் பரவும். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானே மறையும். இல்லாவிட்டால் சாலிசிலிக் அமிலம் தடவுவார்கள், அல்லது மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார்கள். தோலுக்கடியில் மெத்தென்று நகரும் கொழுப்புக்கட்டி, கழுத்தில் தொங்கும் சின்னச் சதை, மாறாத மச்சம் ஆகியவையும் பொதுவாகத் தொல்லை தராதவை.

புற்றுக்கு முந்தியவை: பல வருட வெயிலால் முகத்திலும் கையிலும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான திட்டு வரும். வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கே அதிகம். சில திட்டுகள் புற்றாக மாறலாம். உறைய வைத்தோ களிம்பு தடவியோ சரிசெய்யலாம்.

புற்று: ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் புதிதாக வரும் புண், வேகமாக வளரும் கட்டி ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். மிகவும் ஆபத்தானது மெலனோமா. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வரும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் 1977-இல் கண்டுபிடித்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்துபோனார்.

கறுப்புப் புள்ளியில் பார்க்க வேண்டிய ஐந்து:
1. இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லை
2. ஓரம் கோணல்மாணல்
3. ஒரே புள்ளியில் பல நிறம்
4. 6 மில்லிமீட்டருக்கு மேல் (ஏறத்தாழ பென்சில் கனம்)
5. நாளுக்கு நாள் மாறுகிறது

இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சிறிது சதை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

என் மருவைப் பார்த்த டாக்டரம்மா, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் குதிகாலைப் பார்த்தார். "இது என்ன பாட்டி?" "முள்ளு குத்துனது தாயி, ரெண்டு வருசமா இருக்கு." சோதனையில் மெலனோமா என்று வந்தது. நல்லவேளை, பரவவில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டினார்கள். இப்போது மெதுவாக நடக்கிறார். தவறாமல் செக்கப் போகிறோம்.

தினமும் ராத்திரி அந்தக் காலைப் பிடித்துவிட்டவன் நான்தான். கறுப்பைப் பார்த்தேன், கேட்கவில்லை. நீங்களாவது இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தா, பாட்டியின் உள்ளங்காலைப் பாருங்கள்.

— 10-ஆம் வகுப்பு மாணவன்