புதுக் கண்ணாடிக்குப் பதினைந்து நாள்!

லஸ் முனையில் ஒரு கடையில் புது மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு வெளியே வருகிறீர்கள். இறங்க வேண்டியது ஒரே ஒரு படி. அந்த ஒரு படி, பாருங்கள், திடீரென்று முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது! எதிரே வரும் ஆட்டோ கொஞ்சம் சாய்ந்தாற்போல் வருகிறது. மாட வீதிக்கு வந்து நிமிர்ந்தால், கபாலி கோயில் கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு. ஆனால் தலையோ கிறுகிறுவென்று சுற்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறீர்கள்? அதையும் நானே சொல்லிவிடுகிறேன். "இது எனக்குச் சரிப்பட்டு வராது" என்று கழற்றிக் கூட்டுக்குள் போட்டு, அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டு, பழைய கண்ணாடியையே மறுபடியும் எடுத்துக்கொள்கிறீர்கள். அதில் திருகாணி போன இடத்தில் ஒரு குண்டூசி வளைத்துச் செருகியிருக்கிறது. இருந்தால் என்ன? பழகின கண்ணாடி அல்லவா!

"அவ்வளவு பணம் கொடுத்து வாங்கினது அலமாரியிலா தூங்குகிறது?" என்று வீட்டுக்காரர் கேட்டால், "பவரையே தப்பாகப் போட்டுவிட்டார்கள்" என்று பதில் வைத்திருக்கிறீர்கள்.

தப்பாகப் போட்டிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாளே அதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? புதுச் செருப்பு கடித்தால் நாலு நாள் பொறுத்துக்கொள்கிறோம். புது வீட்டுக்குக் குடி போனால் விளக்கு சுவிட்ச் எங்கே என்று கைக்குத் தெரியவே ஒரு வாரம் ஆகிறது. கண்ணுக்கு மட்டும் அரை மணி நேரம்தான் கெடு என்றால் நியாயமா?

மூளையின் பழைய கணக்கு

உண்மையில் அவஸ்தைப்படுவது கண் அல்ல, மூளை. தலையை இத்தனை திருப்பினால் விழி எத்தனை நகர வேண்டும் என்று மூளை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சற்றுச் சிறிதாக்கிக் காட்டும். பிளஸ் கண்ணாடி பெரிதாக்கும். சிலிண்டர் பவர் மாறியிருந்தால் சுவரும் தரையும் ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் தெரியும். ஆக, பழைய கணக்கு உதைக்கிறது. கண் ஒன்று சொல்கிறது, உள்காது வேறொன்று சொல்கிறது. மலைப் பாதையில் பஸ்ஸில் போகும்போது குமட்டுகிறதே, அதற்கு ஒன்று விட்ட தங்கைதான் இந்தக் கிறுகிறுப்பு.

மூளை புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளுமா? பேஷாகக் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். 1890-களில் அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு உலகத்தையே தலைகீழாகக் காட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டார். இடம் வலமாயிற்று, மேல் கீழாயிற்று. ஆரம்பத்தில் குமட்டல், எதையாவது எடுக்கக் கையை நீட்டினால் அது வேறெங்கோ போயிற்று. ஆனால் எட்டு நாள் நடந்த சோதனையில், நாளாக ஆகக் கை கால்கள் தாமாகவே சரியான இடத்துக்குப் போக ஆரம்பித்தன. முடிவில் லென்ஸைக் கழற்றினாரோ இல்லையோ, நம்முடைய சாதாரண உலகமே சில மணி நேரம் அவருக்கு விநோதமாக இருந்ததாம்!

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. லென்ஸ் இல்லாத வேளைகளில் அவர் இரண்டு கண்களையும் கட்டிவைத்துக்கொண்டார். பழைய உலகத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. நாமோ காலையில் புதுக் கண்ணாடி, மத்தியானம் பழையது, சாயங்காலம் இரண்டும் வேண்டாம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் மூளை எந்தக் கணக்கைத்தான் பாடம் பண்ணும்?

நாற்பதுக்கு மேல்

நாற்பது வயதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிக்கொண்டே வருகிறது. கிட்டத்தில் உள்ள எழுத்து வெளுத்துப் போகிறது. நம் பெரியவர்கள் இதற்கு வெள்ளெழுத்து என்று எத்தனை பொருத்தமாகப் பெயர் வைத்தார்கள்! அறுபது வயது வரையில் படிக்கும் பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இது வியாதி அல்ல. வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

கண்ணாடியை அலமாரியில் வைத்தால் நஷ்டம் என்ன என்கிறீர்களா? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2018-ல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரு பாதிப் பேருக்கு உடனே கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், அவர்கள் பறித்த இலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. அதே கை, அதே செடி! நம் வீட்டிலும் கீரையில் புழு, மாத்திரை அட்டையில் தேதி, குழந்தையின் மருந்துப் புட்டியில் அளவு என்று எத்தனை இருக்கின்றன! மங்கலாகப் பார்த்துச் சமாளிக்கிற காரியமா அவை?

எப்படிப் பழகுவது?

காலையில் எழுந்து முகம் கழுவியதும் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கிறுகிறுப்பு அதிகமானால் கழற்றி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் போடுங்கள். பழைய கண்ணாடிக்குத் தாவாதீர்கள். தலை நிதானப்படும் வரையில் ஸ்கூட்டர் ஓட்டுவது, கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் பொரிப்பது இரண்டும் வேண்டாம்.

அடுப்படியில் நிற்கும்போது சென்னை வெயிலில் வியர்த்துக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கி வருகிறதா? அப்போது லென்ஸின் நடு மையம் விழிக்கு நேராக இருக்காது. கடைக்குப் போய்ப் பிரேமை இறுக்கித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

படிக்கட்டில் ஜாக்கிரதை!

1780-களில் பெஞ்சமின் பிராங்க்ளின் தூரத்துக்கு ஒரு பாதி, கிட்டத்துக்கு ஒரு பாதி என்று இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றாக்கிப் போட்டுக்கொண்டார். அதுதான் பைபோகல். கோடு தெரியாத பிராக்ரஸிவ் லென்ஸ் 1959-ல் பிரான்ஸில் வந்தது. இரண்டிலும் ஒரே ஆபத்து உண்டு. கீழ்ப் பாதி சுமார் ஒன்றரை அடி தூரத்துக்கு ஏற்றது. உங்கள் பாதமோ அதற்கு வெகு தூரம் கீழே! அதன் வழியாகக் குளத்துப் படியைப் பார்த்தால் விளிம்பு எங்கே என்றே தெரியாது. 2002-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றில், வயதானவர்களில் இப்படிப்பட்ட கண்ணாடி அணிந்தவர்கள் விழும் அபாயம் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

ஆகவே இறங்கும்போது விழியைத் தாழ்த்தாதீர்கள். முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, மேல் பாதியின் வழியே படியைப் பாருங்கள். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். படிப்பதற்கோ நேர்மாறு: தலை நேராக, விழி கீழே. பக்கவாட்டில் பார்க்க வேண்டுமானால் மூக்கை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

பொறுமைக்கும் எல்லை உண்டு

பதினைந்து நாள் ஒழுங்காகப் போட்டும் தலைவலி தீரவில்லையா? இனிமேல் பொறுப்பது தவறு. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால், அது பழக்கத்தால் தீரும் குறையல்ல. முதல் வாரத்திலேயே கேட்டுவிடலாம். சீட்டையும் இரண்டு கண்ணாடிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். சீட்டில் உள்ள பவர்தான் லென்ஸில் இருக்கிறதா, இரண்டு விழிகளுக்கும் நடுவே உள்ள தூரம் சரியாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், புடவையில் கறை இருந்தால் தி. நகருக்குத் திரும்பப் போய்ச் சண்டை போட மாட்டோமா?

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் கூடவே மாறும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகே பரிசோதனைக்குப் போங்கள்.

திடீரென்று ஒரு கண் மங்குவது, எல்லாம் இரண்டாகத் தெரிவது, மின்னல் வெட்டுவது, திரை விழுந்தாற்போல் ஓரம் மறைவது, கண் சிவந்து கடுமையாக வலிப்பது: இவை எதுவும் புதுக் கண்ணாடியின் குறும்பு அல்ல. அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். லண்டனில் 1805-ல் மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி தொடங்கியது என்றால், இன்று எழும்பூரில் இருக்கும் நம் அரசாங்கக் கண் ஆஸ்பத்திரி 1819-லேயே தொடங்கிவிட்டது. இந்த ஊரில் கண் வைத்தியத்துக்குக் குறைவில்லை. போகத்தான் மனம் வர வேண்டும்.

பெரும்பாலோருக்கு இந்தச் சிரமம் எதுவும் வராது. பதினாறாம் நாள் காலையில், "என் கண்ணாடியை எங்கே வைத்தேன்?" என்று வீடு முழுக்கத் தேடுவீர்கள். வீட்டுக்காரர் சிரிப்பார். அது உங்கள் மூக்கின்மேலேயே இருக்கும்!