மழைக்கு முன்னும் முதுமைக்கு முன்னும்

ஐப்பசி அடைமழையில் காஞ்சித் தெருக்களில் பாவு விரிக்க இயலாது. தறிக்குழியிலும் ஈரம் ஊறும். ஆகவே புரட்டாசிக்குள் உடைந்த ஓடுகளை மாற்றி, குழியைச் சுற்றிக் கரையிட்டு, கொல்லை வாய்க்காலைத் தூர் வாருதல் நலம். இவை நெசவாளர் அறியாதன அல்ல. மழைக்கு இத்தனை முன்யோசனை உடையோர் முதுமையை மறந்திருப்பதே நமக்கு வியப்பு. கண் மங்கினால் கூலி நின்றுவிடும் அன்றோ?

2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில், வருமான வரி செலுத்தாத, 18 முதல் 40 வயதுடையோர் சேரலாம். 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாய் செலுத்தினால் போதும். 40 வயதில் சேர்பவரோ 1,454 ரூபாய் செலுத்த வேண்டும். அன்றைய விலைவாசியில் ஐயாயிரம் சிறு தொகையே. எனினும் பிறரிடம் கையேந்தாமல் வரும் தொகை. வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்குள்ளோர் அங்கேயே விண்ணப்பிக்கலாம். தறியில் அமரும் மகனுக்கும் மகளுக்கும் 18 வயது நிரம்பிய ஆண்டிலேயே பதிவு செய்துவிடுக.