வீட்டுத் தோட்டத்தில் ஓக் மரம்

எம்மவர் வீடு வாங்கியதும் முதலில் நடுவது ரோசாச் செடி. ஓக் மரம் நடுவோர் அரிது. என் மகள் ஐந்தாம் வகுப்பில் படித்த காலத்தில், இலண்டன் பூங்காவொன்றில் ஓக் கொட்டைகளைப் பொறுக்கி வந்து பிடிவாதம் பிடித்திராவிடில் நானும் அதனை நினைத்திருக்கமாட்டேன்.

ஒக்ரோபர் மாதமே இதற்குரிய காலம். உலர்ந்த கொட்டை முளைக்காது. ஆதலால் பொறுக்கிய உடனேயே ஊன்றவேண்டும். நீரில் இட்டு, மிதப்பவற்றைக் கழித்துவிடலாம். ஊரிலே பனம்பாத்தி போட்டவர்களுக்கு இதன் போக்குப் புதிதன்று. பனங்கொட்டையைப் போலவே இதுவும் முதலில் கீழ்நோக்கித்தான் இறங்கும். தளிர் வசந்தத்திலேயே வெளிவரும். எனவே ஆழமான சாடி அவசியம். மேலே கம்பிவலை இடாவிட்டால் சாம்பல்நிற அணில்கள் ஒன்றையும் விட்டுவையா. எமது முதலாவது முயற்சி அவற்றின் வயிற்றிலேயே முடிந்தது.

அடுத்த ஆண்டு ஒரு கன்று தப்பியது. மாரியில் அதன் இலைகள் பழுப்பாகிக் காய்ந்தும் உதிரவில்லை. பட்டுப்போயிற்று என்று பிடுங்க முனைந்தேன், மகள் தடுத்தாள். இளம் ஓக் மரங்களுக்கு அது இயல்பு என்பதைப் பின்னரே அறிந்தேன். மே மாதம் தளிர்த்தது.

பெரும் பிழை விட்டது அதன் பிறகுதான். குசினிச் சுவரிலிருந்து மூன்று மீற்றர் தூரத்தில் அதனை நட்டேன். அயல்வீட்டு ஆங்கிலேய மூதாட்டி வேலிக்கு மேலால் பார்த்து எச்சரித்தார். இலண்டனின் பெரும்பகுதி களிமண் நிலம். ஓக் வேர்கள் கோடையில் நீரை உறிஞ்ச, களிமண் சுருங்கி அத்திவாரம் இறங்கும். 1976 ஆம் ஆண்டின் கடும் வரட்சியில் பல வீடுகளின் சுவர்கள் இவ்வாறே வெடித்தன. கடன்பட்டு வாங்கிய வீடு. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

இலையுதிர்ந்து மரம் உறங்கும் காலத்தில், வேரோடு மண்ணையும் சேர்த்துத் தோண்டி, அனுமதி பெற்று, மகளின் பாடசாலை மைதான ஓரத்தில் நட்டோம். சுற்றிலும் ஒரு மீற்றருக்குப் புல்லை அகற்றி, தண்டைத் தொடாதவாறு மரச்சிராய் பரப்பினோம். முதல் மூன்று கோடைகளும் நீரூற்றினோம்.

இடவசதி குறைந்தோர், ஒடுங்கி நிமிர்ந்து வளரும் 'பாஸ்ரிகியாற்றா' இனத்தை நாற்றுமேடையில் வாங்கலாம். அதுவும் 12 மீற்றருக்கு மேல் உயரும்; சுவரருகே ஆகாது. வாங்கிய வீட்டில் முதிர்ந்த ஓக் நின்றால், வெட்டுமுன் நகரசபையிடம் விசாரியுங்கள். பாதுகாக்கப்பட்ட மரமாயின் தண்டம் கட்ட நேரிடும். 2006 முதல் இலண்டனில் காணப்படும் ஓக் மயிர்க்கொட்டிகள் வரிசையாக ஊர்ந்தால் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். அவற்றின் மயிர் பட்டால் தோல் தடிக்கும், மூச்சும் முட்டலாம்.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மரம் பாடசாலைக் கூரையை இன்னும் எட்டவில்லை.