கணக்கில் வராத பெரிய மண்டலம்

மங்கலாகத் தெரிகிற விண்மீன் மண்டலம் வெகு தொலைவில் இருப்பதால்தான் மங்கல் என்று நினைத்துக்கொள்கிறோம். மாலின் 1 என்ற சுருள் மண்டலம் சுமார் 120 கோடி ஒளியாண்டு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் தொலைவு கூடக்கூட வந்து சேரும் ஒளி எவ்வளவு குறைகிறதோ, அதே விகிதத்தில் மண்டலம் வானில் அடைக்கும் இடமும் சுருங்கும். ஒளியின் செறிவு பெரிதாக மாறாது. பிரபஞ்சம் விரிவதால் ஓரளவு குறையும், ஆனால் இந்த மங்கலை விளக்க அது போதாது. மாலின் 1-ஐப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதன் தட்டு மங்கல்தான். நிலவில்லாத இரவு வானத்துக்கும் ஒரு வெளிச்சம் உண்டு. அதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் தட்டுக்கு இல்லை. அகலமோ 6 லட்சம் ஒளியாண்டுக்கு மேல், நம் பால்வீதியைப் போல ஆறு மடங்கு!

இவ்வளவு பெரியது 1986 வரை யார் கண்ணிலும் படவில்லை. கன்னி மண்டலக் கொத்தின் திசையில் குள்ள மண்டலங்களைத் தேடியபோது தற்செயலாகச் சிக்கியது. ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய டேவிட் மாலின் கண்ட உத்தி அதற்கு உதவியது: மங்கலான ஒளி புகைப்படத் தகட்டின் ரசாயனப் பூச்சில் மேலாகவே பதியும் என்பதால், சிதறிய ஒளியில் நகலெடுத்து அந்த மேற்பதிவை மட்டும் தூக்கிக் காட்டினார். பிறகு நிறமாலை எடுத்தார்கள். அது விநாடிக்கு சுமார் 25,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவது தெரிந்தது. கொத்துக்கு வெகு பின்னால் கிடக்கும் பூதம் அது. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியோ, பால்வீதியில் உள்ளதைவிடப் பல மடங்கு ஹைட்ரஜன் அதில் இருப்பதைக் காட்டியது. வாயு ஏராளம்; ஆனால் மெல்லப் பரவிக் கிடப்பதால் விண்மீன்கள் அரிதாகவே பிறக்கின்றன.

ஹபிள் படங்களை ஆராய்ந்து 2007-இல் வந்த ஆய்வு, மாலின் 1-இன் நடுப்பகுதி சாதாரணப் பட்டைச் சுருள் மண்டலம் போன்றதே என்றது. அப்படியானால் இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நடுப்பகுதியை மட்டும் பார்த்திருந்தால் ‘சாதாரணம்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்போம் என்பதுதான் விஷயம். நம் பட்டியல்கள் வானத்தின் வெளிச்சத்தை மீறித் தெரிந்தவற்றின் பட்டியல்கள். வானியலாளர் மைக் டிஸ்னி இதை 1976-லேயே எச்சரித்தார்.

ஒரே ஒரு விதிவிலக்கை வைத்து இப்படிப் பேசலாமா? யுஜிசி 1382 இருக்கிறதே. வெறும் நீள்வட்ட மண்டலம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்ட அதைச் சுற்றி 7 லட்சம் ஒளியாண்டு அகலத் தட்டு விரிந்திருப்பது 2016-இல்தான் தெரிந்தது. இத்தனைக்கும் அது இருப்பது 25 கோடி ஒளியாண்டில், மாலின் 1-ஐவிட வெகு அருகில்.